சாயநீர் தெளிந்துவிட்டது, சாயம் எங்கே போனது?

கண்ணாடிக் குடுவையில் கருநீலத் தண்ணீர். அதில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூளைப் போட்டு விளக்கை ஏற்றுகிறார்கள். காட்சி வேகமாக ஓடுகிறது. ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பளிங்குபோல் ஆகிவிடுகிறது. அடியில் ஒரு வரி ஓடும்: 'நானோ தொழில்நுட்பம் சாயக்கழிவைக் குடிநீராக்குகிறது.' இந்த மாதிரிக் காணொளிகள் இணையத்தில் நிறையவே உண்டு. காட்சி பொய்யில்லை. அந்த வரியைத்தான் நம்ப முடியாது.

ஏன் என்று புரிய, இன்னொரு குடுவையைப் பார்ப்போம். 'நீலப் புட்டி' என்று பள்ளிகளில் செய்துகாட்டும் ஒரு பழைய சோதனை. தண்ணீரில் குளுக்கோஸ், கொஞ்சம் காஸ்டிக் சோடா, சில துளி மெத்திலீன் நீலம் என்கிற சாயம். மூடி வைத்தால் சில நிமிடங்களில் நீலம் மறைந்துவிடும். புட்டியைக் குலுக்கினால் நீலம் திரும்ப வந்து நிற்கும். வைத்தால் போகும், குலுக்கினால் வரும். சாயம் எங்கேயும் போகவில்லை. குளுக்கோஸிடமிருந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு நிறமில்லாத ஒரு வடிவத்துக்கு மாறியிருந்தது, அவ்வளவுதான். குலுக்கும்போது கலக்கும் ஆக்சிஜன் அதைப் பழைய வடிவத்துக்குத் திருப்பிவிடுகிறது.

ஆக, நிறம் போவது ஒன்று, சாயம் அழிவது வேறொன்று. நானோ ஒளிவினையூக்கி, அதாவது ஒளி பட்டால் வேலை செய்யும் அந்த வெள்ளைத் தூள் போன்றவை, பற்றிய பேச்சில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

## சாயத்தின் பிடிவாதம்

1856-இல் லண்டனில் 18 வயது வில்லியம் ஹென்றி பெர்கின் மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகத் தயாரிக்கப்போய், தற்செயலாக ஊதா நிறச் சாயம் ஒன்றைக் கண்டுபிடித்தார். செயற்கைச் சாயத் தொழில் அங்கே தொடங்கியது. அன்றிலிருந்து சாய வேதியியலாளர்களின் கவலை பெரும்பாலும் ஒன்றே: துவைத்தாலும், வியர்வை பட்டாலும், வெயிலில் காய்ந்தாலும் நிறம் போகக்கூடாது. அந்த வேலையை அவர்கள் நன்றாகவே செய்துவிட்டார்கள். துணியில் இருக்கும்போது நாம் பாராட்டும் அதே உறுதிதான் கழிவுநீரில் தலைவலி. நுண்ணுயிர்களை வைத்துச் சுத்திகரிக்கும் தொட்டியில் பல சாயங்கள் அசையாமல் வெளியே வந்துவிடும்.

துணிச்சாயங்களில் பெரும்பகுதி 'அசோ' வகை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் கை கோத்திருக்க, அவற்றின் இருபுறமும் கார்பன் வளையங்கள் இருக்கும். இந்த முழு அமைப்பும் சேர்ந்து ஒளியின் ஒரு பகுதியை விழுங்குவதால்தான் நிறம் தெரிகிறது. நடுவில் இருக்கும் அந்தக் கைப்பிடியை வெட்டினால் போதும், நிறம் போய்விடும். ஆனால் இருபுறத் துண்டுகளும் தண்ணீரிலேயே இருக்கும். ஆக்சிஜன் இல்லாத சூழலில் அசோ சாயம் உடையும்போது வரும் அரோமாட்டிக் அமீன்களில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. நிறமில்லாத அந்தத் தண்ணீரைப் பார்த்து யாரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

## வடிகட்டி இல்லை, தீ

சாயநீரில் கரித்தூளைப் போட்டால் சாயம் கரியின் மேல் ஒட்டிக்கொள்ளும். படிகாரம் போன்றவற்றைப் போட்டால் திரண்டு கசடாக அடியில் படியும். இரண்டிலும் சாயம் தண்ணீரிலிருந்து வேறு இடத்துக்குக் குடிபெயர்கிறது. கரியையும் கசடையும் அப்புறம் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஒளிவினையூக்கியின் வழி வேறு. விறகு எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் கொஞ்சம் சாம்பலும் ஆகிறதே, அதுமாதிரி சாய மூலக்கூறைத் தண்ணீருக்குள்ளேயே, சுடரும் சூடும் இல்லாமல், எரிக்கப் பார்க்கிறது. வேதியியலில் இதற்குப் பெயர் ஆக்சிஜனேற்றம். மெத்திலீன் நீலத்தின் ஒரு மூலக்கூறில் 16 கார்பன் அணுக்கள் உண்டு. எரிதல் கடைசிவரை நடந்தால் பதினாறும் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். அதிலுள்ள கந்தகம் சல்ஃபேட்டாகவும் நைட்ரஜனின் பெரும்பகுதி அம்மோனியமாகவோ நைட்ரேட்டாகவோ தண்ணீரில் தங்கும். இந்த நிலைக்கு முழுச்சிதைவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பாதி எரிந்த விறகு கரிக்கட்டையாக மிஞ்சுவதுபோல, பாதி உடைந்த சாயம் நிறமற்ற துண்டுகளாக மிஞ்சும்.

வினையூக்கி என்பது ஒரு வேதிவினையை வேகப்படுத்திவிட்டு, வினை முடிந்ததும் தான் செலவாகாமல் அப்படியே மிஞ்சும் பொருள். ஒளி விழும்போது மட்டும் அந்த வேலையைச் செய்தால் ஒளிவினையூக்கி. சோப்புத்தூள் மாதிரி போட்டதும் கரைந்து தீர்ந்துபோகிற சமாச்சாரம் இல்லை.

## பழைய வெள்ளைச் சுவர் சொல்லும் கதை

இந்த வேலையில் அதிகம் பயன்படும் தூள் டைட்டானியம் டை ஆக்சைடு. பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் நமக்குப் பழக்கமானதுதான்: வெள்ளை பெயிண்ட்டுக்கு வெண்மை கொடுப்பது இதுவே. சூரியத் தடுப்புக் களிம்புகளிலும் இருக்கிறது.

வருடக்கணக்கில் வெயில் பட்ட பழைய வெள்ளைச் சுவரில் விரலை வைத்துத் தேய்த்தால், சாக்பீஸ் தொட்டதுபோல் மாவு ஒட்டும். பெயிண்ட் பழசாகிவிட்டது என்று நாம் போய்விடுவோம். உள்ளே என்ன நடந்தது? வெயிலில் உள்ள புற ஊதா ஒளியை டைட்டானியம் டை ஆக்சைடு வாங்கி, தன்னைச் சுவரோடு பிடித்துவைத்திருந்த பசையையே கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிட்டது. பிடிப்பு போனதும் தூள் உதிர்கிறது. இதைத் தடுக்க, நீண்ட காலம் உழைக்கவேண்டிய பெயிண்ட்டில் ஒவ்வொரு துகளின் மேலும் சிலிக்காவோ அலுமினாவோ மெல்லிய உறையாகப் பூசுகிறார்கள். பெயிண்ட்காரர்கள் அடக்கிவைக்கப் பாடுபடும் குணத்தைத்தான் சாயக்கழிவில் அவிழ்த்துவிடப் பார்க்கிறோம்.

இந்தக் குணத்துக்கு அறிவியல் உலகில் பெரிய கவனம் கிடைத்தது 1972-இல். ஜப்பானின் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும், டைட்டானியம் டை ஆக்சைடு மின்முனையில் ஒளி பாய்ச்சினால் தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவதைக் காட்டினார்கள். 1977-இல் ஃபிராங்க், பார்ட் இருவரும் இதே தூளை வைத்துத் தண்ணீரில் கலந்த சயனைடைச் சிதைத்தார்கள். நீர்ச் சுத்திகரிப்புப் பக்கம் பேச்சு திரும்பியது அதன் பிறகுதான்.

## மாடிக்கு எறியும் பந்து

இனி உள்ளே போவோம். கொஞ்சம் நிதானமாகப் படிக்கவேண்டிய இடம் இதுதான்.

டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைக்கடத்தி. அதாவது, அதன் எலக்ட்ரான்கள் சாதாரணமாகக் கீழ்த்தளத்தில் கட்டுண்டு கிடக்கும். போதிய ஆற்றல் கிடைத்தால் மேல்தளத்துக்கு ஏறி, அங்கே தாராளமாக நடமாடும். இரண்டு தளத்துக்கும் நடுவில் எலக்ட்ரான் நிற்க இடமே இல்லை. அந்த உயரத்துக்குத்தான் ஆற்றல் இடைவெளி என்று பெயர்.

கீழே நின்று மாடிக்குப் பந்து எறிவதை நினைத்துக்கொள்ளுங்கள். போதிய வேகத்தில் ஒரு முறை எறிந்தால் பந்து மேலே போய்விடும். மெதுவாக நூறு முறை எறிந்தாலும் நூறு முறையும் கீழேதான் விழும். பாதி உயரமாக நூறு தடவை எறிந்ததைக் கூட்டிக் கணக்கெடுக்க முடியாது. ஒளியும் அப்படித்தான். அது ஃபோட்டான் என்ற தனித்தனிப் பொட்டலங்களாக வருகிறது. ஒவ்வொரு பொட்டலமும் தனியாகவே எலக்ட்ரானை ஏற்றிவிட வேண்டும். டைட்டானியம் டை ஆக்சைடின் 'அனடேஸ்' வடிவத்துக்கு இடைவெளி சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். அந்த அளவு ஆற்றல், 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளம் கொண்ட புற ஊதா ஒளியில்தான் இருக்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு ஒளி எவ்வளவு கொட்டினாலும் மெதுவாக எறிந்த பந்துதான். தரையை எட்டும் சூரிய ஒளியில் புற ஊதாவின் பங்கு ஏறக்குறைய 5 சதவீதம் மட்டுமே. 'வெயில் இலவசம்தானே' என்பவர்கள் இந்த எண்ணை மறந்துவிடுகிறார்கள்.

சரி, எலக்ட்ரான் மேலே ஏறிவிட்டது. கீழே அது விட்டுப்போன காலி இடம்தான் மின்துளை. இந்தத் துளைக்கு எலக்ட்ரான் பசி பயங்கரம். துகளின் மேற்பரப்புக்கு வந்தால், அங்கே ஒட்டியிருக்கும் தண்ணீரிடமிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடும். பறிகொடுத்த தண்ணீர் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற துண்டாக மாறுகிறது: ஒரு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், ஜோடியில்லாத ஓர் எலக்ட்ரான். ஓசோனைவிடவும் குளோரினைவிடவும் வலிமையான ஆக்சிஜனேற்றி இது. கண்ட கரிமப் பொருளையெல்லாம் கடிக்கும், ஆள் பார்க்காது. ஆயுள் மட்டும் மிகக் குறைவு. சில நானோநொடிகள், அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில். அதற்குள் அதிக தூரம் போக முடியாது. அதனால் சாயம் துகளின் மேலேயோ, அதை ஒட்டியோ இருந்தால்தான் சிக்கும்.

மேல்தளத்துக்குப் போன எலக்ட்ரானும் சும்மா இருப்பதில்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொண்டு சூப்பராக்சைடாக மாறுகிறது. சாயத்தை உடைப்பதில் அதற்கும் பங்குண்டு. சோதனைக் குடுவைக்குள் ஒரு சிறு குழாய் வழியாகக் காற்றைக் குமிழிவிட்டுக்கொண்டே இருப்பது ஏன் என்று இப்போது புரியும். எலக்ட்ரானை வாங்க ஆளில்லை என்றால் அது திரும்பக் கீழே இறங்கித் தன் பழைய துளையிலேயே உட்கார்ந்துவிடும். கூட்டமான பேருந்தில் ஒருவர் எழுந்திருக்கிறார். பக்கத்தில் நிற்பவர் நகர்வதற்குள் மனதை மாற்றிக்கொண்டு மறுபடி அதே இருக்கையில் அமர்ந்துவிடுகிறார். இடம் காலியானதாகத் தோன்றியது, யாருக்கும் பயனில்லை. துகளுக்குள் பெரும்பாலான எலக்ட்ரான்கள் செய்வது இதைத்தான். வாங்கிய ஒளி வெப்பமாக வீணாகிறது. இத்துறையில் நடக்கும் ஆராய்ச்சியில் பாதி, எழுந்தவரைத் திரும்ப உட்காரவிடாமல் செய்வது எப்படி என்பது பற்றித்தான் என்று சொன்னால் மிகையில்லை. துகளின் மேல் வெள்ளி, பிளாட்டினம் போன்ற உலோகப் பொட்டுகளை வைத்து எலக்ட்ரானை அங்கே இழுத்துப் பிடிப்பது ஒரு வழி.

சுருக்கிச் சொன்னால்: புற ஊதா ஃபோட்டான் எலக்ட்ரானை மேலேற்றுகிறது, கீழே மின்துளை உண்டாகிறது, துளை தண்ணீரை ஹைட்ராக்சில் ரேடிக்கல் ஆக்குகிறது, அந்த ரேடிக்கல் சாயத்தைக் கடிக்கிறது. தூள் செலவாகவில்லை, ஒளியும் ஆக்சிஜனும் செலவாகின.

## 'நானோ' என்ன செய்கிறது?

மந்திரம் எதுவும் இல்லை, பரப்பளவு விஷயம்தான். முழு மரக்கட்டையைப் பற்றவைக்கப் பாடுபட வேண்டும். அதையே மரத்தூளாக்கிக் காற்றில் தூவினால் குபுக்கென்று பிடிக்கும். வினை நடப்பது மேற்பரப்பில் என்பதால், மேற்பரப்பு எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு வேலை நடக்கும்.

ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்துக்கு 6 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு. அதையே 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர்: இரண்டு டென்னிஸ் மைதானங்களுக்கும் மேல். பொருள் அதேதான், ஒரு சிட்டிகைகூடக் கூடவில்லை. ஆய்வகங்களில் அளவுகோலாக வைத்திருக்கும் 'பி25' என்ற டைட்டானியம் டை ஆக்சைடு தூளின் துகள்கள் சராசரியாக 21 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே சுமார் 4,000 துகள்களை வரிசையாக நிறுத்தலாம். துகள் சிறிதாக இருந்தால் உள்ளே பிறந்த எலக்ட்ரானும் துளையும் மேற்பரப்பை எட்ட வேண்டிய தூரமும் குறைவு. வழியில் திரும்ப உட்கார்ந்துவிடும் ஆபத்தும் குறையும்.

## குடுவைக்கும் சாயப்பட்டறைக்கும் நடுவில்

காணொளியில் வரும் குடுவையில் பெரும்பாலும் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் ஒரே ஒரு சாயம், அதுவும் சுத்தமான தண்ணீரில். விளக்கு பக்கத்திலேயே இருக்கும். சாயப்பட்டறையிலிருந்து வரும் நீர் அப்படியா?

முதல் சிக்கல் வெளிச்சம். அடர்ந்த சாயநீர் ஒளியை சில மில்லிமீட்டருக்குள்ளேயே விழுங்கிவிடும். அதற்குக் கீழே இருக்கும் துகள்கள் இருட்டில் மிதக்கின்றன. தூளைக் கூடுதலாகப் போட்டால்? தண்ணீர் சுண்ணாம்பு கரைத்ததுபோல் வெளுத்து, துகள்களே ஒன்றுக்கொன்று நிழலாகிவிடும். ஒரு அளவுக்கு மேல் தூள் கூடினால் வேகம் குறையும் என்பது புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அடுத்தது மின்னூட்டம். இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆய்வகத்தின் செல்லச் சாயமான மெத்திலீன் நீலம் நேர்மின்னூட்டம் கொண்டது. டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பு, பி.எச். மதிப்பு 6-ஐ ஒட்டிய ஒரு புள்ளிக்கு மேலே போனால் எதிர்மின்னூட்டம் பெறும். ஆகவே இரண்டும் தாமாகவே ஒட்டிக்கொள்ளும், வேலை சுலபமாக நடக்கும். பருத்திக்கு அதிகம் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களோ எதிர்மின்னூட்டம் கொண்டவை. அந்தச் சாயமேற்றலில் சோடா சாம்பல் போடுவதால் கழிவுநீரும் காரமாக வரும். அங்கே துகளும் எதிர்மின்னூட்டம், சாயமும் எதிர்மின்னூட்டம். காந்தத்தின் ஒரே முனைகள்போல விலகி நிற்கும். குட்டி ஆயுள் கொண்ட ஹைட்ராக்சில் ரேடிக்கலுக்குச் சாயம் எட்டாது. அமிலம் ஊற்றி பி.எச். குறைத்தால்தான் கிட்டே வரும். செல்லச் சாயத்தில் கிடைத்த எண்ணை அப்படியே பட்டறைக்குப் பொருத்தினால் ஏமாற வேண்டியதுதான்.

மூன்றாவது, கூட்ட நெரிசல். உண்மையான கழிவில் உப்பு, சோப்பு வகைகள், கஞ்சி, கார்பனேட் எல்லாம் கலந்திருக்கும். ஹைட்ராக்சில் ரேடிக்கல் ஆள் பார்க்காது என்றேன் அல்லவா? சாயத்துக்குப் போகவேண்டிய அடியைக் கார்பனேட்டும் குளோரைடும் வாங்கிக்கொள்ளும்.

நான்காவது, தூளைத் திரும்பப் பிடிப்பது. இருபது நானோமீட்டர் துகள் சாதாரண வடிகட்டித் தாளின் ஓட்டைகளில் சுலபமாக நழுவும். கண்ணாடி மணிகளிலோ தகட்டிலோ ஒட்டவைத்தால் பிடிக்கலாம், ஆனால் தண்ணீரைத் தொடும் பரப்பு பெருமளவு குறையும். இரும்பு ஆக்சைடு கருவின் மேல் பூசி, வேலை முடிந்ததும் காந்தத்தால் இழுப்பது இன்னொரு வழி. ஆய்வகத்தில் பார்க்க அழகாகவே இருக்கும். தூளைத் தண்ணீரோடு ஓடவிட்டால் ஒரு மாசுக்குப் பதில் இன்னொரு மாசு. துத்தநாக ஆக்சைடும் நல்ல ஒளிவினையூக்கிதான்; ஆனால் அமிலத்திலும் கடும் காரத்திலும் கரைந்து, நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சாகும் துத்தநாக அயனிகளை விடும்.

வெயிலின் மீதி 95 சதவீதத்தையும் பிடிக்க, இடைவெளி குறைந்த பொருள்களைத் தேடுகிறார்கள். கார்பன் நைட்ரைடு என்ற மஞ்சள் தூளுக்கு இடைவெளி 2.7 எலக்ட்ரான் வோல்ட், நீல ஒளியே போதும். ஆனால் மாடியின் உயரத்தைக் குறைத்தால் அங்கிருந்து விழும் பந்தின் அடியும் குறையத்தான் செய்யும். காட்மியம் சல்ஃபைடு வெயிலை நன்றாகவே வாங்கும். அதே வெயிலில் தானே அரிபட்டுக் காட்மியத்தைத் தண்ணீரில் விட்டுவிடும். அதைச் சாயக்கழிவுக்குப் பரிந்துரைப்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

## நிறம் மாயமானதை எப்படிச் சோதிப்பது?

தூளைப் போட்டதும், விளக்கே போடாமல், நிறம் குறைவதுண்டு. சாயம் துகள்களின் மேல் ஒட்டிக்கொள்வதால் வரும் குறைவு அது. இதற்குப் பரப்புக்கவர்ச்சி என்று பெயர். நானும் முதன்முதலில் இப்படி ஏமாந்திருக்கிறேன். கால் மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டதென்று குதித்தேன். குழாயைச் சுழற்றித் தூளை அடியில் படியவைத்துப் பார்த்தால், வெள்ளையாகப் போட்ட தூள் நல்ல வான நீலத்தில் கிடந்தது. சாயம் முழுக்க அங்கேதான் இருந்தது. விளக்கைப் போடவே மறந்திருந்தேன்.

அதனால்தான் ஒழுங்கான சோதனையில் தூளைப் போட்டு முதலில் அரை மணி நேரம்போல இருட்டிலேயே கலக்குவார்கள். ஒட்டவேண்டியது ஒட்டி முடிந்த பிறகு விளக்கு. தூள் இல்லாமல் விளக்கை மட்டும் வைத்தும் ஒரு முறை பார்ப்பார்கள், ஏனெனில் சில சாயங்கள் ஒளியில் தாமாகவே வெளுக்கும்.

நிறத்தை அளக்கும் கருவி நிறத்தை மட்டுமே சொல்லும். துண்டுகள் மிஞ்சினவா என்று அறிய மொத்தக் கரிமக் கார்பனை அளக்க வேண்டும்: தண்ணீரில் கரிமப் பொருள்களாக எவ்வளவு கார்பன் இன்னும் இருக்கிறது என்ற கணக்கு. நிறம் முற்றிலும் போன பிறகும் இந்த எண் பாதிக்கு மேல் நிற்பது சாதாரணம். '98 சதவீதம் நீக்கம்' என்று எங்கே படித்தாலும், நீங்கியது நிறமா கார்பனா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். பல சமயம் பதில் அந்தப் பக்கத்தில் இருக்காது.

## அப்படியானால் எங்கே பயன்படும்?

தனி ஆளாக முழுச் சுத்திகரிப்பையும் சுமக்க இதனால் முடியாது. ஒரு கட்டமாக வைத்தால் பொருத்தமான இடங்கள் உண்டு. நுண்ணுயிர்த் தொட்டியைக் கடந்து வந்த நீர் ஓரளவு தெளிந்திருக்கும், ஒளி உள்ளே போகும், மிஞ்சியது பிடிவாதமான கொஞ்சம் நிறம் மட்டும். அங்கே இது நன்றாக வேலை செய்யும். அல்லது முன்னாலேயே வைத்து, பெரிய சாய மூலக்கூறுகளை நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய துண்டுகளாக உடைத்துக் கொடுக்கலாம். ஸ்பெயினின் அல்மெரியாவில் உள்ள சூரிய ஆற்றல் ஆய்வு நிலையத்தில், வளைந்த கண்ணாடிகளுக்கு நடுவே குழாய்களில் கழிவுநீரை ஓடவிட்டு வெயிலிலேயே இதைச் செய்து பார்க்கிறார்கள். குழாய்கள் மெல்லியவை, வெளிச்சம் குறுக்கே முழுவதும் போய்ச்சேர வேண்டுமே.

ஒன்று பாக்கி. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற, சாயத்தொட்டியில் லிட்டருக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்பு போடுகிறார்கள். எரிக்க அதில் கரிமம் ஏதும் இல்லை என்பதால் ஹைட்ராக்சில் ரேடிக்கலால் அதை ஒன்றும் செய்ய முடியாது. நிறமும் போய், கார்பனும் போய், பளிங்குபோல் ஆன தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் விட்டு உலரவைத்தால், வெள்ளை வளையமாக உப்பு படியும். அதை எடுக்க ஆர்.ஓ. சவ்வும், அது ஒதுக்கித் தள்ளும் கரைசலை ஆவியாக்கும் கொதிகலனும்தான் வேண்டும்.